கரையில் ஓர் ஆள்

மேலப்புதூர், திருச்சி
18 ஆகஸ்ட் 2024

என்னங்க,

மூன்று மாதமாக நான் போனை எடுக்கவில்லை என்று கோபமாக இருப்பீர்கள். இருங்கள். போனில் நீங்கள் பேச ஆரம்பித்தால் நான் கேட்டது என்ன என்பதே எனக்கு மறந்துபோகிறது. அங்கே மழை, இங்கே வெயில், சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஊரைச் சுற்றிவிட்டு 'சரி, வச்சிடட்டுமா' என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். எழுதும்போது பொய் சொல்லக் கொஞ்சமாவது கை கூசும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

நீங்கள் ஸ்காட்லாந்துக்குப் போய் ஒன்றரை வருடம் தாண்டிவிட்டது. முதியோர் இல்லத்தில் நிர்வாக வேலை, ஆறே மாதத்தில் உன்னைக் கூப்பிட்டுக்கொள்வேன் என்று சொல்லி, அரியமங்கலம் வால்வு கம்பெனியில் இருந்த ஸ்டோர்ஸ் மேனேஜர் வேலையை விட்டுவிட்டுப் போனீர்கள். ஆறு மாதம் ஒரு வருடம் ஆனது. இந்த மார்ச்சில், 'சட்டத்தை மாத்திட்டாங்க பெலிண்டா, இனிமே குடும்பத்தைக் கூட்டிட்டு வர முடியாதாம்' என்றீர்கள். நானும் டிவியில் பார்த்தேன். அழுது முடித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்த ராஜினாமா கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். தலைமை ஆசிரியை சிரிக்காமல் கொடுத்தார். அதுவே பெரிய உபகாரம்.

என் கேள்வி ஒன்றுதான். என் பெயருக்கு நீங்கள் விண்ணப்பம் போட்டீர்களா, இல்லையா? நான் வர வழி இருந்ததா, இல்லையா? ஆமாம் அல்லது இல்லை என்று எழுதினால் போதும். நான் கணக்கு டீச்சர். விடையை எழுதாமல் விளக்கம் மட்டும் எழுதுகிறவர்களுக்கு மதிப்பெண் போட்டதில்லை.

எனக்கு நாற்பத்தொரு வயது ஆகிறது. நமக்குப் பிள்ளையும் இல்லை. இன்னும் காத்திருப்பதா, போதும் என்று விட்டுவிடுவதா என்று நான் முடிவு செய்தாக வேண்டும். அதற்கு இந்த விடை வேண்டும்.

பெலிண்டா


ஸ்காட்லாந்து
1 செப்டம்பர் 2024

பெலிண்டா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன்னால் நான் உன்னிடம் சொல்லாத வேறு ஒரு விஷயம் இருக்கிறது.

போன வருடக் கோடையில் இந்த ஊர் டைவிங் கிளப்பில் சேர்ந்தேன். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போவது. ஜீயபுரம் வாய்க்காலில் குதித்து வளர்ந்தவனுக்குத் தண்ணீர் புதிதில்லை. ஆனால் இங்கே தண்ணீர் வேறு. கோடையிலேயே நம் ஃபிரிட்ஜில் வைத்த பாட்டில் தண்ணீர் மாதிரி இருக்கும். அதற்கென்று ஓர் உடுப்பு உண்டு. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், உள்ளே ஒரு சொட்டு இறங்காது. உள்ளே இரண்டு அடுக்குக் கம்பளி, தலைக்குக் குல்லா, கைக்கு உறை. வாயைச் சுற்றி மட்டும் கொஞ்சம் தோல் வெளியே தெரியும். முதலில் உதடு மரத்துப்போகும். பிறகு அது உன் உதடே இல்லை.

ஊருக்கு எதிரே ஒரு பாறைத் தீவு இருக்கிறது. ஆள் இல்லாத தீவு. கரையிலிருந்து குட்டையான கல்பாலம் ஒன்று போகிறது. மேற்கே இருக்கும் பெரிய தீவுகள் காற்றையும் அலையையும் வாங்கிக்கொள்வதால் இதன் கிழக்குப் பக்கம் எப்போதும் அமைதியாக இருக்கும். அங்கே இறங்கினால் ஆள் உயரத்துக்குக் கடற்பாசி. பழுப்பு நிறத்தில் அகல அகலமான இலைகள். வாழைத்தோப்புக்குள் நடக்கிற மாதிரி அதற்குள் போவேன். என் மூச்சுச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்காது.

இதில் ஒரு விதி உண்டு. தனியாக இறங்கக் கூடாது. ஜோடியாகத்தான் இறங்க வேண்டும். மீறி ஒருவன் தனியாக இறங்கினாலும், அவன் எத்தனை மணிக்கு இறங்கினான், எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்று தெரிந்த ஓர் ஆள் கரையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். கிளப் சனிக்கிழமைதான் கூடுகிறது. எனக்கு வார விடுமுறையை ஞாயிறுக்கு மாற்றிவிட்டார்கள். அறைத்தோழன் ஜெகபர் சாதிக் காரைத் தருகிறான், ஆனால் ஞாயிறு அவனுக்கு ஓட்டலில் சமையல். இந்த ஊரில் வேறு யாரிடமும் போய், எனக்காகக் கரையில் உட்காருங்கள் என்று கேட்கிற அளவுக்கு எனக்குப் பழக்கம் இல்லை.

நீ இருப்பாயா?

ஞாயிறு பத்து மணிக்கு இறங்குவேன். நாற்பத்தைந்து நிமிஷம். கரையில் போனுக்கு சிக்னல் கிடையாது. சாமான்களைத் தூக்கிக்கொண்டு மேலே ரோட்டுக்கு வர பதினொன்றே கால் ஆகும். வந்ததும் 'ஏறினேன்' என்று ஒரு சொல் அனுப்புவேன். அப்போது உனக்கு மூன்றே முக்கால். நாலே கால் வரைக்கும் வராவிட்டால் கீழே எழுதியிருக்கும் நம்பருக்குப் பேசு. கடலோரக் காவல்படை.

உன் கேள்விக்கு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

ஆசீர்


மேலப்புதூர்
12 செப்டம்பர் 2024

என்னங்க,

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நீங்கள் ஆழம் தெரிந்துகொண்டே தலையை விடுகிறீர்கள்.

முடியாது என்று எழுதி அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நான் மாட்டேன் என்றாலும் நீங்கள் இறங்குவீர்கள். பதினான்கு வருடத்தில் அது கூடவா எனக்குத் தெரியாது. அப்போது கரையில் ஒருவருமே இல்லாமல் இறங்குவீர்கள். அதற்கு இது தேவலை. எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒருத்தி உட்கார்ந்திருந்து என்ன கிழிக்கப் போகிறாள் என்று நீங்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்காமல் ஒத்துக்கொள்கிறேன்.

22ஆம் தேதியிலிருந்து இருக்கிறேன். 'ஏறினேன்' என்ற ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் அனுப்பக் கூடாது. நானும் 'சரி' என்பேன், அவ்வளவுதான். போனில் பேசமாட்டேன் என்றது அப்படியே இருக்கிறது.

உங்கள் தீவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கேள்விக்கு வருகிறேன் என்றீர்கள், வரவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். கடலில் மறைக்கப் பார்க்கிறீர்கள். பூசணிக்காய் மிதக்கும்.

பெலிண்டா


ஸ்காட்லாந்து
29 செப்டம்பர் 2024

பெலிண்டா,

போன வாரமும் இன்றும் உன் 'சரி' வந்தது. அது வந்த பிறகுதான் காருக்குள் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சோறு சாப்பிட்டேன்.

சிலிண்டரில் காற்று நிரப்பிக் கொடுக்கும் கடைக்காரர் ஒவ்வொரு முறையும், யாரோடு இறங்குகிறாய் என்று கேட்பார். என் மனைவி கரையில் இருக்கிறாள் என்றேன். அவருக்குத் திருப்தி. ஃபிளாஸ்கில் டீ எடுத்துப் போகச் சொல், கரையில் இருப்பவர்களுக்குத்தான் அதிகம் குளிரும் என்றார். பொய் சொன்ன மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

இன்று ஒரு கடல்நாய் பின்னாலேயே வந்தது. காலில் மாட்டியிருக்கும் துடுப்பைக் கடித்து இழுத்தது. திரும்பிப் பார்த்தால் பாசிக்குள் ஒளிந்துகொண்டது. வேடிக்கைதான். ஆனால் ஜோடியாக இறங்கினால் அதைக் கையைக் காட்டி இன்னொருத்தருக்குக் காட்டலாம். நான் பழக்கத்தில் பக்கவாட்டில் கையை நீட்டிவிட்டேன். அங்கே யாரும் இல்லை.

இந்த வாரம் முழுவதும் வேலை விஷயத்தைத் தவிர நான் யாரோடும் பேசவில்லை. ஜெகபர் வரும்போது நான் தூங்குகிறேன், நான் எழும்போது அவன் தூங்குகிறான். தண்ணீருக்கு அடியில் யாரும் பேசுவதில்லை, அதனால் பேசாமல் இருப்பது அங்கே ஒரு குறையாகத் தெரியாது. நான் இறங்குவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நீ கேட்டதை மறக்கவில்லை. எழுத உட்கார்ந்தால் வரமாட்டேன் என்கிறது. கொஞ்சம் பொறு.

ஆசீர்


மேலப்புதூர்
13 அக்டோபர் 2024

என்னங்க,

கரையில் இருக்கிற ஆள் கரையில்தானே இருக்க வேண்டும். வீட்டு மாடியில் போனை வெறித்துக்கொண்டு உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கிறது. அதனால் ஞாயிறு பூசை முடிந்து வந்து, சமைத்துச் சாப்பிட்டுவிட்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீரங்கம் போகிறேன். அம்மா மண்டபம் படித்துறையில் கடைசிப் படிக்கு இரண்டு படி மேலே எனக்கு ஓர் இடம் ஆகிவிட்டது. காவிரியில் தண்ணீர் நன்றாகவே போகிறது.

தினம் நான் பாடம் நடத்தும் ஊர்தான், ஆனால் ஞாயிறு மத்தியானம் அங்கே வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் குளிக்கிறார்கள், இல்லையென்றால் திதி கொடுக்கிறார்கள். போன வாரம் ஒரு சாஸ்திரிகள் பக்கத்தில் வந்து, "யாருக்கும்மா பண்ணணும்?" என்று கேட்டார்.

"யாருக்கும் இல்லீங்க."

"மூணு வாரமா பார்க்கறேன். ஆத்துக்காரருக்கா?"

"அவருக்காகத்தான் உக்காந்திருக்கேன். ஆனா உயிரோட இருக்காருங்க. தண்ணிக்குள்ள போயிருக்கார், இப்ப வந்துடுவார்."

அவர் ஆற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பகவான் இருக்கார்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து என்னைக் கண்டால் ஒரு மாதிரியாகத் தலையை ஆட்டுகிறார்.

சிரிப்பாகத்தான் இருந்தது, நீங்கள் 'ஏறினேன்' என்று அனுப்புகிற வரைக்கும். அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. என்ன ஏறினீர்கள், எங்கே ஏறினீர்கள், யார் வீட்டுக்கு ஏறி வந்தீர்கள். வாரத்தில் ஒரு சொல். இப்போது நம் குடும்பம் அவ்வளவுதான்.

ஐந்து கடிதம் ஆகிவிட்டது. என் கேள்வி ஒன்றுதான்.

பெலிண்டா


ஸ்காட்லாந்து
27 அக்டோபர் 2024, மாலை

பெலிண்டா,

நீ இன்றைக்கு என்ன காரியம் செய்தாய் தெரியுமா?

நான் சொன்ன நேரத்துக்கு இறங்கி, சொன்ன நேரத்துக்கு ஏறினேன். சிலிண்டரைச் சுமந்துகொண்டு ரோட்டுக்கு வந்தால் அங்கே ஒரு போலீஸ் வண்டி, ஓர் ஆம்புலன்ஸ். கடலில் மீட்புப் படகு. தீவைச் சுற்றி என் பிணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், பெலிண்டா. படகில் வந்தவர்கள் யாரும் சம்பளத்துக்கு வருகிறவர்கள் இல்லை. பேக்கரிக்காரர், தபால் கொடுக்கும் அம்மா, இன்னும் மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பிள்ளைகளோடு இருந்தவர்கள். நான் கம்பளி உள்ளாடையோடு நின்றேன். 'உங்கள் கரை ஆள் யார்' என்றார் போலீஸ்காரர். என் மனைவி என்றேன். எங்கே இருக்கிறார் என்றார். இந்தியாவில் என்றேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

இங்கே அக்டோபர் கடைசி ஞாயிறு விடியற்காலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். குளிர்காலக் கணக்கு. ஒவ்வொரு வருடமும் நடப்பது. நான் காலையில் எழுந்ததும் தள்ளி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். இங்கே பத்து மணி என்றால் இன்றிலிருந்து உனக்கு மூன்றரை. இது கூடவா ஒரு கணக்கு டீச்சருக்குத் தெரியாது? போனில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்திருக்கக் கூடாதா? நீ கூப்பிட்ட நேரத்தில் நான் தண்ணீரை விட்டுத் தலையை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானமே போன் வந்தது, கிளப் என் பெயரை எடுத்துவிட்டது. கடைக்காரர் இனிக் காற்று நிரப்பித் தரமாட்டார். எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

ஆசீர்


மேலப்புதூர்
9 நவம்பர் 2024

என்னங்க,

உங்கள் கடிதம் வந்தது. என் பக்கத்தில் என்ன நடந்தது என்று கேட்கக்கூட உங்களுக்குத் தோன்றவில்லை. நானே சொல்கிறேன்.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. பஸ்ஸில் நிற்க இடமில்லை. மூன்றரைக்குப் படித்துறைக்கு வந்துவிட்டேன். மூன்றே முக்கால் ஆனது. நான்கு ஆனது. நாலே காலுக்கு ஒரு நிமிஷம் கூட முன்னால் நான் கூப்பிடவில்லை. நம்பரை மூன்று முறை தப்பாகப் போட்டேன்.

எடுத்த பெண் நிதானமாகக் கேட்டாள். தண்ணீரில் எத்தனை பேர்? ஒருவர். கூட யார்? யாரும் இல்லை. கரையில் யார்? நான்தான். அவர் இறங்கிய இடத்தில் இப்போது நிற்கிறீர்களா? இல்லை, திருச்சிராப்பள்ளியில் இருக்கிறேன். அது எந்தக் கடற்கரை? அது கடற்கரை இல்லை, இந்தியா என்றேன். அவள் எதையோ டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "லைனிலேயே இருங்கள், நான் உங்களோடு இருக்கிறேன்" என்றாள். ஒன்றரை வருடத்தில் அந்த வார்த்தையை என்னிடம் சொன்னது அவள் ஒருத்திதான்.

நான் அழுவதைப் பார்த்துக் குளித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா ஈரப்புடவையோடு ஓடி வந்து, "என்னம்மா ஆச்சு?" என்றார். "தண்ணிக்குள்ள போன எங்க வீட்டுக்காரர் இன்னும் வரலீங்க" என்றேன். அவ்வளவுதான். "ஐயையோ, ஆள் முழுகிட்டாங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் இரண்டு பேர் காவிரியில் குதித்துவிட்டார்கள். "இங்க இல்லீங்க! ஸ்காட்லாந்துல!" என்று நான் கத்துகிறேன். காதில் அந்தப் பெண், எதிரே ஆற்றில் உங்களைத் துழாவும் இரண்டு பேர், படியில் ஐம்பது பேர். சாஸ்திரிகள் வந்து என் தலையில் கை வைத்தார். 'ஏறினேன்' வந்தது நாலே ஐம்பதுக்கு. மூக்கிலும் வாயிலும் தண்ணீரோடு ஏறி வந்த அந்த இரண்டு பேரிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். ஒருத்தர் பெயர் சின்னையன். "உயிரோட இருக்காருல்ல, அது போதும்மா" என்றார். நீங்கள் யார் என்றே அவருக்குத் தெரியாது.

சரி, கணக்குக்கு வருவோம். கடிகாரம் மாறுவது உங்களுக்குத் தெரியும். அன்று காலையில் உங்கள் கையாலேயே முள்ளைத் திருப்பியிருக்கிறீர்கள். திருப்பும்போது, இங்கே ஒருத்தி பழைய நேரத்தில் உட்கார்ந்திருப்பாளே என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை. நேரம் மாறினால் உங்களுக்கு மட்டும் மாறினால் போதும். எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இது ஒன்றும் புதிதில்லை. வேறு எந்த விஷயத்தில் இப்படிச் செய்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

நான் கரையில் இருக்கிற வேலையை இன்றோடு விட்டுவிட்டேன்.

பெலிண்டா


ஸ்காட்லாந்து
24 நவம்பர் 2024

பெலிண்டா,

இல்லை.

உன் பெயருக்கு நான் விண்ணப்பம் போடவில்லை. நீ வர வழி இருந்தது. மார்ச்சில் மாறிய சட்டம் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டவர்களுக்குக் கிடையாது. எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே உன்னிடம் அப்படிச் சொன்னேன். பூர்த்தி செய்த தாள்கள் என் பெட்டியில் இருக்கின்றன. இப்போதும் போடலாம்.

இனி விளக்கம். மதிப்பெண் வேண்டாம்.

நான் இங்கே நிர்வாகத்தில் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. வயதானவர்களைக் குளிப்பாட்டுகிறேன், ஊட்டுகிறேன், துணி மாற்றுகிறேன், படுக்கையில் போனதைத் துடைக்கிறேன். டை கட்டிக்கொண்டு நாற்பது பேரை வேலை வாங்கியவன் என்று உன் அண்ணன்மாரிடம் பெருமை பேசிவிட்டு வந்தேன். வறுத்த மீன் விற்கும் கடைக்கு மேலே ஓர் அறையில் நான்கு பேர் இருக்கிறோம். நீ வந்தால் இதையெல்லாம் பார்ப்பாய். கொஞ்சம் நல்ல நிலைக்கு வந்த பிறகு கூப்பிடலாம் என்று தள்ளிப்போட்டேன். சட்டம் மாறியது என்று செய்தி வந்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. அதைத்தான் உன்னிடம் எழுத முடியவில்லை.

முதலில் வெட்கம். பிறகு அது பழக்கம் ஆகிவிட்டது. யாருக்கும் பதில் சொல்லாமல் இருப்பதற்குப் பழகிவிட்டேன். தண்ணீருக்குள்ளும் அதற்குத்தான் போனேன்.

அன்று ரோட்டில் நடந்ததில் ஒன்றை உனக்கு எழுதாமல் விட்டேன். படகில் வந்த பேக்கரிக்காரர் என் மேல் கம்பளியைப் போர்த்தினார். முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "எங்கள் அப்பாவுக்கு முகம் மழித்துவிடுவது நீங்கள்தானே" என்றார். ஊர்க்காரர்கள் அத்தனை பேர் நடுவில். எனக்கு அப்படியே தண்ணீருக்குள் திரும்பிப் போய்விடலாம் என்று இருந்தது. அவர், "நீங்கள் வராத நாளில் அப்பா யாரையும் தொட விடுவதில்லை" என்றார். அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். உன் மேல் கோபித்துக்கொண்டு அன்று மாலை எழுதிய கடிதம், அந்தப் பேச்சைக் கேட்ட கூச்சத்தில் எழுதியது. உன் மேல் தப்பில்லை. நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். கடிகார விஷயம், சட்ட விஷயம், இரண்டையும் சொல்லியிருக்க வேண்டும்.

காவிரியில் குதித்த அந்த இரண்டு பேரைப் பற்றிப் பல தடவை படித்தேன். நான் அங்கே இல்லை என்று தெரியாமல் தேடியிருக்கிறார்கள்.

நான்கு ஞாயிறாக அறையிலேயே இருக்கிறேன். மணி பதினொன்றே கால் ஆகும்போது என்ன செய்வது என்று தெரியவில்லை.

நீ என்ன முடிவு செய்தாலும் சரி.

ஆசீர்


மேலப்புதூர்
15 டிசம்பர் 2024

என்னங்க,

எனக்கு ஜூன் மாதமே தெரியும்.

தில்லைநகரில் உங்களை அனுப்பிய ஏஜெண்டிடம் போனேன். "முன்னாடியே போனவங்களுக்கு அந்தச் சட்டம் கிடையாதே மேடம், சார் சொல்லலையா?" என்றார். சார் சொல்லவில்லை. படியிறங்கி வந்து, எந்தப் பக்கம் பஸ் ஸ்டாப் என்று தெரியாமல் வெயிலில் நின்றேன். அந்த விடையை உங்கள் கையால் எழுதி வாங்க வேண்டும் என்றுதான் ஆகஸ்டில் ஆரம்பித்தேன். மூன்றரை மாதம் எடுத்துக்கொண்டீர்கள். தாமதமாகக் கொடுத்த விடைத்தாளையும் நான் திருத்தித்தான் இருக்கிறேன்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரிக்கு மட்டும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. துடைக்கிற வேலையை நான் பார்த்துவிடுவேன் என்று வெட்கப்பட்டீர்களாமே. எங்கள் அம்மா பதினான்கு மாதம் படுக்கையில் கிடந்தபோது, நான் பள்ளிக்கூடம் போன பிறகு அவரைப் புரட்டிப் போட்டுத் துடைத்துப் பவுடர் போட்டுவிட்டது யார்? என் அண்ணன்மார் வாசலோடு வந்து பழம் வைத்துவிட்டுப் போனார்கள். கம்பெனிக்கு இரண்டாம் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டவர் நீங்கள். அந்த ஆளைத்தான் நான் ஸ்காட்லாந்துக்கு அனுப்பினேன். டை கட்டியவரை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. பதினான்கு வருடம் கூட இருந்தும் இது உங்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது. அதற்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

பெட்டியில் இருக்கும் தாள்களை இப்போது போட வேண்டாம். நான் ஒன்று செய்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். மறைத்துவைப்பதில் உங்களுக்கு நான் சளைத்தவள் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் கோபக் கடிதம் வந்த வாரம், உங்களிடம் சொல்லாமல் நானே விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பித்தேன். சென்னைக்கு ரயிலேறிப் போய் விரல் ரேகை வைத்துவிட்டு வந்தேன். கிறிஸ்துமஸ் லீவில் பத்து நாள் வருவதாக எண்ணம். வந்து, நீங்கள் இருக்கிற இடத்தை என் கண்ணால் ஒரு தரம் பார்த்துவிட்டு, 'போதுங்க, இத்தோட விட்டுடலாம்' என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத் திரும்புவதாக இருந்தேன். கடிதத்தில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரும்பி வரும் தேதியைக்கூட விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். ஜனவரி 2, பள்ளிக்கூடம் திறக்கும் நாள்.

வியாழக்கிழமை பதில் வந்தது. மறுத்துவிட்டார்கள். காரணத்தைத் தமிழில் எழுதுகிறேன்: 'விண்ணப்பதாரரின் கணவர் இந்த நாட்டில் வசிக்கிறார். எனவே அனுமதித்த நாட்கள் முடிந்ததும் விண்ணப்பதாரர் தம் கணவரை விட்டுவிட்டுத் திரும்பிப் போவார் என்று நான் நம்பவில்லை.'

பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். எதிர் சீட்டு அம்மா, "ஏம்மா சிரிக்கற?" என்று கேட்கிற அளவுக்குச் சிரித்தேன். காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் அழுதுவிட்டேன். நம் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தே இராத ஒரு வெள்ளைக்கார அதிகாரி, நம் கல்யாணத்தை நம்மைவிட அதிகமாக நம்பியிருக்கிறார்.

முன்பின் தெரியாத அந்த மனிதரைப் பொய்யராக்க எனக்கு மனம் வரவில்லை. மே மாதம் லீவு போட்டுக்கொண்டு ஊருக்கு வாருங்கள்.

பெலிண்டா